முகவரியின் கடைசி வரி

சிலப்பதிகாரத்தில் 'தமிழ்நாடு' என்ற சொல் வருவது வஞ்சிக் காண்டத்தில், சேரன் செங்குட்டுவனை நோக்கிய பேச்சில். தன்னை 'வஞ்சி பூமி' என்று வாழ்த்திக்கொண்ட திருவிதாங்கூரில் அதே சொல் எதிர்க்குரலானது வரலாற்றின் குறும்புதான். 1945-ல் நாகர்கோவிலில் தொடங்கிய தமிழர் காங்கிரஸ், மறு ஆண்டே 'திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்' ஆயிற்று. தமிழர் என்றால் ஆள். தமிழ்நாடு என்றால் மண். அதன் தலைவர்களில் ஒருவரான நேசமணியும் தோழர்களும் கேட்டது மண்ணைத்தான். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அதற்குத் துப்பாக்கிதான் பதில் சொன்னது.

அவர்கள் கேட்ட மண்ணில், நாஞ்சில் நாட்டில் இருக்கும் சுசீந்திரம் பெயர்மாற்றம் அறியாத ஊரல்ல. சோழர் காலத்தில் அதற்குச் சுந்தரசோழ சதுர்வேதிமங்கலம் என்றொரு பெயர், கல்வெட்டோடு நின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஊர்ப்பெயரை யாரும் தொடவில்லை, முகவரியின் கடைசி வரிதான் மாறியது. 1949 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம். ஆம், சென்னை! தமிழ்நாடு வேண்டுமென்று போராடியவர்கள் வந்து சேர்ந்த மாநிலத்துக்கு அந்தப் பெயர் இல்லை. அதையும் சேர்த்துக் கேட்டு உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் அக்டோபர் 13-லேயே இறந்திருந்தார்.

வீட்டைவிட்டு நகராமலே அயலாராவது அரபு நாவலில் பெரிய பொருள். எமில் ஹபீபியின் நாவலில் (1974) வரும் சயீத் 1948-க்குப் பின் இஸ்ரேலுக்குள் வாழும் பாலஸ்தீனியன். மண் அதுவே, மேலே எழுதிய பெயர் வேறு. அந்தத் துயரத்தோடு நாஞ்சில் நாட்டை எடைபோட மாட்டேன். இங்கே யாரும் அகதியாகவில்லை. ஆனாலும் பெயருக்காக ஏங்குவது எப்படியென்று சயீத்தைப் படிக்கும் குமரிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லை மாறியபோது கோயில்களும் மாறின. அவற்றுக்கு ஆண்டுக்கு 13,50,000 ரூபாய் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 290அ பிரிவு சொல்கிறது. குமரி மாவட்டக் கோயில்களின் நிர்வாக அலுவலகம் இன்றும் சுசீந்திரத்தில்தான். 'தேவசம்' என்ற திருவிதாங்கூர்ச் சொல்லும் போகவில்லை. 1956-ல் எழுதியபோது அந்தப் பிரிவில் பணம் தர வேண்டிய மாநிலம் 'சென்னை'. 1969 ஜனவரி 14 முதல் அந்த இடத்தில் 'தமிழ்நாடு' என்று இருக்கிறது.