புதிய கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஸ்பீடோமீட்டர் கூடுதல் வேகம் காட்டுகிறதா? உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: புதிய காரில் முதன்முறையாக நெடுஞ்சாலைக்குச் செல்லும் உரிமையாளர்கள் பலருக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ஸ்டீயரிங் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்பது ஒன்று. ஸ்பீடோமீட்டர் 100 கி.மீ. வேகம் காட்டும்போது கைப்பேசியின் ஜிபிஎஸ் 95 கி.மீ. மட்டுமே காட்டுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பயணத்தில் தெரியவருவதால், வீல் அலைன்மென்ட் சரியில்லாததால்தான் வேகமும் தவறாகக் காட்டப்படுகிறது என்று சிலர் கருதுகின்றனர்.

உண்மையில் இவை தனித்தனிச் செய்திகள். ஸ்பீடோமீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது பெரும்பாலும் திட்டமிட்டே செய்யப்படும் ஏற்பாடு. கார் ஒரு பக்கம் இழுப்பதோ உடனே கவனிக்க வேண்டிய குறை. எது இயல்பு, எது குறை என்பதைப் பிரித்தறிந்தால் வீண் அலைச்சலையும், டயர் தேய்மானத்தால் ஏற்படும் செலவையும் தவிர்க்கலாம்.

நகரில் தெரியாதது நெடுஞ்சாலையில் தெரிவது ஏன்?

டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் குறியீட்டின்படி, பெங்களூருவில் 10 கி.மீ. தொலைவைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆகிறது. அதாவது, சராசரி வேகம் மணிக்கு 18 கி.மீ.க்கும் குறைவு. இந்த வேகத்தில் ஸ்பீடோமீட்டரின் சிறு வேறுபாடோ, கார் மெல்ல விலகுவதோ ஓட்டுநரின் கவனத்திற்கு வருவதில்லை.

மைசூரு விரைவுச் சாலையிலோ, ஒசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தமிழ்நாட்டிற்குச் செல்லும் நெடுஞ்சாலையிலோ வேகம் 80 கி.மீ.யைத் தாண்டும்போதுதான் இரண்டும் புலப்படுகின்றன. ஏறத்தாழ 118 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலை 2023 மார்ச் 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. அங்கு கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. விதிமீறல்கள் கேமராக்கள் மூலம் கண்காணிக்கப்படுகின்றன. கர்நாடகத்தில் 130 கி.மீ. வேகத்தைத் தாண்டுவோர் மீது 2024 ஆகஸ்ட் 1 முதல் வழக்குப் பதிவு செய்யப்படும் என்று மாநிலக் காவல்துறை அறிவித்தது. எனவே, காரின் உண்மையான வேகம் என்ன என்பது சட்டம் சார்ந்த கேள்வியாகவும் ஆகிறது.

ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டுவது ஏன்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 117-ஆவது விதி, வாகனங்களில் ஸ்பீடோமீட்டர் பொருத்தப்படுவதைக் கட்டாயமாக்குகிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 இக்கருவியின் துல்லியத்திற்குத் தெளிவான எல்லை வகுத்துள்ளது. அதன்படி, கருவி காட்டும் வேகம் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கூடுதலாக இருக்கலாம், ஆனால் அந்த வேறுபாடு உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ.யைச் சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது.

இக்கணக்கின்படி, கார் உண்மையில் 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கருவி 60 முதல் 70 வரையும், 80 கி.மீ. வேகத்தில் 80 முதல் 92 வரையும், 100 கி.மீ. வேகத்தில் 100 முதல் 114 வரையும் காட்டலாம். டயரின் தேய்மானம், காற்றழுத்தம், சுமை ஆகியவற்றால் சக்கரத்தின் சுற்றளவு சற்று மாறிக்கொண்டே இருக்கும். எந்த நிலையிலும் ஓட்டுநர் தம்மை அறியாமல் வேக வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகவே உற்பத்தியாளர்கள் கருவியைக் கூடுதலாகக் காட்டும்படி அமைக்கின்றனர். ஆகவே, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது ஜிபிஎஸ் 95 காட்டுவது குறையன்று. கருவி காட்டுவதைவிட உண்மை வேகம் அதிகமாக இருந்தால்தான் அது குறை.

இன்றைய கார்களில் பொதுவாக ஏபிஎஸ் அமைப்பின் சக்கர சென்சார்களே வேகத்தைக் கணக்கிட உதவுகின்றன. ஓடோமீட்டர் பதிவு செய்யும் தொலைவும் சக்கரச் சுழற்சியிலிருந்தே பெறப்படுகிறது. ஆனால், வேகத்தைக் காட்டும்போது மட்டும் மென்பொருள் சிறு அளவைக் கூட்டிக் காட்டுகிறது. எனவே ஸ்பீடோமீட்டர் 5 விழுக்காடு கூடுதலாகக் காட்டுவதால் ஓடோமீட்டரும் அதே அளவு கூடுதலாக ஓடுகிறது என்றோ, வாரண்டி தொலைவு விரைவில் முடிந்துவிடும் என்றோ கருத வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே சரிபார்ப்பது எப்படி?

ஸ்பீடோமீட்டரைச் சரிபார்க்க இரண்டு எளிய வழிகள் உள்ளன. முதலாவது, ஜிபிஎஸ். திறந்தவெளியில், சமதளச் சாலையில், ஒரே சீரான வேகத்தில் செல்லும்போது அது நம்பத்தக்க அளவைத் தரும். சுரங்கப்பாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அதன் அளவு பிழைபடலாம். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது சற்றுத் தாமதித்தே காட்டும்.

இரண்டாவது, கிலோமீட்டர் கற்களும் கடிகாரமும். ஸ்பீடோமீட்டர் சீராக 80 காட்டும்படி காரை ஓட்டி, 5 கி.மீ. தொலைவைக் கடக்கும் நேரத்தை உடன் வருபவர் குறித்துக்கொள்ள வேண்டும். உண்மை வேகம் 80 என்றால் 225 விநாடி ஆகும். 237 விநாடி ஆனால் உண்மை வேகம் 76 கி.மீ. 225 விநாடிக்கும் குறைவாக ஆனால் கருவி குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அத்தகைய காரைச் சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டும். நேரம் குறிப்பதையும் கைப்பேசியைப் பார்ப்பதையும் ஓட்டுநர் செய்யக் கூடாது.

டயரை மாற்றினால் கணக்கு மாறும்

புதிய கார் வாங்கிய சில வாரங்களிலேயே தோற்றத்திற்காகப் பெரிய டயர்களைப் பொருத்துவோர் உள்ளனர். 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 621.5 மி.மீ. அதற்குப் பதிலாக 205/65 ஆர்15 பொருத்தினால் விட்டம் 647.5 மி.மீ. ஆகிறது, அதாவது 4 விழுக்காட்டுக்கும் மேல் கூடுகிறது. சக்கரம் ஒரு சுற்றில் முன்பைவிட அதிகத் தொலைவு செல்லும். ஆனால் கருவி பழைய கணக்கையே பின்பற்றும்.

முன்பு 2 விழுக்காடு மட்டுமே கூடுதலாகக் காட்டிய கருவி, இந்த மாற்றத்திற்குப் பின் 100 காட்டும்போது கார் உண்மையில் 102 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். அபராதத்திற்கும் ஆபத்திற்கும் வழிவகுப்பது இதுவே. ஓடோமீட்டரும் உண்மையைவிடக் குறைந்த தொலைவைப் பதிவு செய்யும். மாறாக, 8 மி.மீ. ஆழமுள்ள டயர் பள்ளங்கள் சட்டப்படியான குறைந்தபட்ச அளவான 1.6 மி.மீ. வரை தேய்ந்தால், விட்டம் 2 விழுக்காடு குறைந்து கருவி மேலும் கூடுதலாகக் காட்டும். டயர் மாற்றுவோர் உற்பத்தியாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்குள் தேர்வு செய்வதே பாதுகாப்பானது.

வீல் அலைன்மென்ட் என்றால் என்ன?

சக்கரங்கள் சாலையையும் ஒன்றையொன்றும் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்பதைச் சரிசெய்வதே வீல் அலைன்மென்ட். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதி உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருக்கும் அளவு டோ. முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். பல சிறிய கார்களில் டோ மட்டுமே சர்வீஸ் சென்டரில் எளிதாக மாற்றத்தக்கது.

டோ கோணத்தில் ஒரு சக்கரத்திற்கு 0.1 பாகை பிழை இருந்தால், அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.7 மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுவதற்கு ஈடாகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்வதற்கு இதுவே காரணம். பெங்களூருச் சாலைகளின் குழிகளிலும், வண்ணம் பூசப்படாத வேகத்தடைகளிலும் ஒருமுறை பலமாக இடித்தாலே புதிய காரின் அலைன்மென்ட் மாறக்கூடும்.

வீல் பேலன்சிங் என்பது வேறு. சக்கரத்தின் எடை சமமாகப் பரவாதபோது 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். அதிர்வுக்குப் பேலன்சிங், இழுப்புக்கு அலைன்மென்ட் என்று நினைவில் கொள்ளலாம்.

சர்வீஸ் சென்டருக்குச் செல்வதற்கு முன்

கார் இழுக்கிறது என்றால் முதலில் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணையில் சரியான அளவு இருக்கும். ஒரு பக்க டயரில் அழுத்தம் குறைந்தாலே கார் அப்பக்கம் இழுக்கும்.

அடுத்தது சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரங்களை நோக்கிச் சரிவாக அமைக்கப்படுகின்றன. இடப்புறம் செல்லும் இந்தியாவில் கார் இடப்பக்கம் மெல்லச் செல்வது இயல்பு. ஆகவே, போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில், ஸ்டீயரிங் அருகிலேயே கைகளை வைத்துக்கொண்டு, இரு திசைகளிலும் சோதிக்க வேண்டும். எத்திசையில் சென்றாலும் கார் ஒரே பக்கம் இழுத்தாலோ, நேராகச் செல்லும்போது ஸ்டீயரிங் கோணலாக இருந்தாலோ அலைன்மென்ட் சோதனை தேவை.

அலைன்மென்ட் செய்த பின்னும் இழுப்பு நீடித்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கும்படி கேட்கலாம். இழுப்பின் திசை மாறினால் குறை டயரில் உள்ளது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் உதவி அமைப்புகள் கொண்ட கார்களில் அலைன்மென்ட்டிற்குப் பின் ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரிசெய்ய வேண்டியதிருக்கலாம் என்பதையும் கேட்டறிவது நல்லது.

ஆவணங்களே துணை

அலைன்மென்ட், பேலன்சிங், டயர் தேய்மானம் ஆகியவை பொதுவாக முழு வாரண்டிக்குள் வருவதில்லை. குழியில் இடித்ததால் ஏற்பட்ட மாற்றம் என்று பின்னர் கூறப்படவும் வாய்ப்புண்டு. எனவே, குறையைத் தொடக்க வாரங்களிலேயே தெரிவிப்பது முக்கியம். "கார் இடப்பக்கம் இழுக்கிறது" என்று ஜாப் கார்டில் எழுதச் செய்து, தேதியுடனும் ஓடோமீட்டர் அளவுடனும் நகல் பெற வேண்டும். அலைன்மென்ட்டிற்கு முன்னும் பின்னும் இயந்திரம் தரும் அச்சுப் பிரதிகளையும் கேட்டுப் பெறலாம்.

குறை தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

வேக மீறல் நோட்டீஸ் வந்தால், அதில் உள்ள இடம், நேரம், புகைப்படம், அளவிடப்பட்ட வேகம் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். மின்னணுக் கண்காணிப்பு தொடர்பான 167ஏ விதியின்படி, விதிமீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு இலகுரக வாகனங்களின் வேக மீறலுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை அபராதம் விதிக்கிறது. ஆனால், ஸ்பீடோமீட்டர் கூடுதலாகத்தான் காட்டும் என்ற நம்பிக்கையில் வரம்பைத் தாண்டி ஓட்டுவது ஏற்கத்தக்க காரணமாகாது. அந்தச் சிறு வேறுபாடு ஓட்டுநரின் பாதுகாப்பிற்காக விடப்பட்ட இடைவெளியே தவிர, கூடுதல் வேகத்திற்கான அனுமதி அன்று.