ஃபிலாஹாவும் ஃபலாஹும்: மண்ணறிவும் உடல்நலமும்

அரபியில் உழுதொழிலைக் குறிக்கும் 'ஃபிலாஹா' என்ற சொல்லும், பாங்கில் நாளும் நாம் செவிமடுக்கும் 'ஃபலாஹ்' என்ற சொல்லும் ஒரே வேரினின்று தோன்றியவை. நிலத்தைப் பிளத்தல் என்பது அவ்வேரின் பொருள்களுள் ஒன்று. மண்ணைப் பேணுவதும் மனிதன் ஈடேறுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு வரலாறும் சான்று பகர்கிறது.

புதுச்சேரிக்குத் தெற்கிலுள்ள பாகூரில் கிடைத்த செப்பேடு 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை அது தெரிவிக்கிறது. மாணவரையும் ஆசிரியரையும் நிலத்தின் விளைச்சலே ஓம்பியது. அதற்குச் சில ஆண்டுகள் பின்னர், ஹிஜ்ரி 291 (கி.பி. 904) அளவில், ஈராக்கில் இப்னு வஹ்ஷிய்யா 'அல்ஃபிலாஹத்துன் நபதிய்யா' என்னும் வேளாண் பெருநூலை அரபியில் வழங்கினார்.

இத்துறை அந்தலுஸில் முழு மலர்ச்சி பெற்றது. 11ஆம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பகுத்தார். அந்நகரின் மருத்துவர் இப்னு வாஃபித், உணவால் தீரும் நோய்க்கு மருந்து தரலாகாது என்ற கொள்கையினர். வேளாண் நூலொன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம் இயற்றிய 'கிதாபுல் ஃபிலாஹா', முதலில் மண்ணையும் அடுத்து எருவையும் அதன்பின் நீரையும் பேசுகிறது. பயிர்களைப் பற்றிய பேச்சு அதன் பிறகே வருகிறது.

இதே வினாவை நவீன அறிவியல் எழுப்பிய இடங்களுள் ஒன்று நம் தமிழகம். கோவை வேளாண் கல்லூரியில் 1909இல் நீண்டகால எருச் சோதனை தொடங்கப்பெற்றது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன், தொழுவுரமிட்ட நிலத்தில் விளைந்த தானியம் இரசாயன உரமிட்ட நிலத்துத் தானியத்தைவிடச் சத்து மிக்கது என்று 1926இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் யாவும் அம்முடிவை வழிமொழியவில்லை. எனவே அதனை முடிந்த முடிபாகக் கொள்வது முறையன்று.

எனினும், மண்ணின் குறை உடலின் குறையாகலாம் என்பதில் ஐயமில்லை. அயோடின் குன்றிய மலைநிலங்களில் கழுத்துக்கழலை பெருகியது. துத்தநாகக் குறைவால் மனித வளர்ச்சி குன்றக்கூடும் என்பது, ஈரானின் ஷீராஸ் பகுதியிலும் எகிப்திலும் நடந்த ஆய்வுகளால் 1960களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அங்கு உண்ணப்பட்ட ரொட்டியிலிருந்த ஃபைட்டேட் என்னும் பொருள், உடல் துத்தநாகத்தை ஏற்பதைத் தடுத்தது. துருக்கியின் நடு அனதோலியாவிலோ மண்ணிலேயே அச்சத்து குறைந்திருந்தது. 1990களில் துத்தநாக உரமிட்டபோது கோதுமை விளைச்சல் உயர்ந்தது. ஆகவே தொழுவுரமா இரசாயனமா என்ற வழக்கைவிட, இம்மண்ணில் இல்லாதது எது என்ற கேள்வியே முதன்மையானது.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூருக்கு இக்கேள்வி பொருந்தும். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. நீரோடு வந்து படியும் வண்டலை அள்ளி வயலில் இடுவது ஏரிப்பாசன உழவரின் பழைய வழக்கம். நுண்மண்ணும் மட்கும் அதனால் நிலத்திற்குத் திரும்பின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் ஏரியைப் பேணும் கூட்டுமுயற்சி தளர்ந்தது. கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பும் ஏறியது. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் அம்முயற்சியை மீட்க முனைந்தது. இடைவிடாது நீர் தேங்கும் நெல்வயலில், மண்ணிலிருக்கும் துத்தநாகமும் பயிருக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆதலின் மண் பரிசோதனையும் இவ்வூர்களுக்கு இன்றியமையாதது.

இச்செலவை ஏற்பவர் யார்? இப்னு கல்தூன் இதனை 14ஆம் நூற்றாண்டிலேயே கண்டுணர்ந்தார். வளமிக்க நிலங்களை இழந்து வளங்குன்றிய கடற்கரை நிலங்களுக்கு ஒதுங்கிய அந்தலுஸ் மக்கள், எருவிட்டுப் பண்படுத்தியே பயிர்செய்ய நேர்ந்ததென்றும், அச்செலவே அங்கு உணவுவிலை உயரக் காரணமென்றும் 'முகத்திமா'வில் அவர் விளக்கியுள்ளார். மண்ணைப் பேணும் செலவு உணவின் விலையில் அடங்கியது என்பதே அவர் கூற்றின் சாரம். மலிவான அரிசியையும் வளமான மண்ணையும் ஒருங்கே எதிர்பார்க்கும் நாம், பாகூர் உழவர் வண்டலுக்கும் எருவுக்கும் இடும் கூலியை எவ்விலையில் சேர்த்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.