எண்ணும் கண்ணும் பார்க்கும் கண்ணும்: இங்கிலாந்தின் ஹீத் நிலங்களில் மேய்ச்சல் மாடுகளை நாள்தோறும் பார்வையிடும் நடைமுறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தென் இங்கிலாந்தின் திறந்த ஹீத் நிலங்களில் மேயும் மாடுகளை நாள்தோறும் ஒருவர் சென்று பார்த்துவருவது இன்று வழக்கமாகியுள்ளது. தொன்மையான மேய்ப்பு மரபின் நேர்த்தொடர்ச்சியாகவே இந்நடைமுறை பொதுவாகக் கருதப்படுகிறது. 1217ஆம் ஆண்டின் கானகச் சாசனத்தையும், நியூ ஃபாரஸ்ட் பகுதிக்கான 19, 20ஆம் நூற்றாண்டுச் சட்டங்களையும், 1976க்குப் பிந்தைய விலங்குநலச் சட்டவாசகங்களையும் ஒப்புநோக்கி, அக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹீத் நிலம், நியூ ஃபாரஸ்ட், அஜிஸ்டர், பொதுமேய்ச்சல் உரிமை, விலங்குநலச் சட்டம்

முன்னுரை

மணற்பாங்கான, சத்துக் குறைந்த, அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் ஹெதர் என்னும் குறுஞ்செடியும் கோர்ஸ் என்னும் முட்புதரும் மண்டிக் கிடக்கும் வெளியே ஹீத் எனப்படுகிறது. உழவுக்கு உதவாத நிலம் என்பதால் கரம்பு என்று தமிழில் சொல்லத் தோன்றும். ஆயினும் கரம்பு பயன்பாடற்றுக் கிடப்பது. ஹீத்தோ பயன்பாட்டினால் உருவானது. மாடும் குதிரையும் மேய்ந்து, மக்கள் விறகும் புல்கரணும் வெட்டி எடுத்துவந்ததனாலேயே அது காடாக மாறாமல் நின்றது. மேய்ச்சல் நின்றால் பிர்ச்சும் பைனும் முளைத்துச் சில பத்தாண்டுகளில் ஹீத் மறைந்துவிடும். 1800ஆம் ஆண்டில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இங்கிலாந்தில் அழிந்துவிட்டது. எஞ்சியதைக் காக்க மாடு வேண்டும். மாட்டை விட்டால் அதை யாரேனும் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பவர் யார், எதற்காகப் பார்க்கிறார் என்பதே இங்கு எழும் வினா. ஹாம்ப்ஷயர் மாவட்டத்து நியூ ஃபாரஸ்ட் இதற்கான விடையைத் தேடத் தகுந்த களமாகும். சட்டம், பதவி, வழக்கு ஆகிய மூன்றின் தடயங்களும் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு அங்குக் கிடைக்கின்றன.

அஜிஸ்டரின் கணக்கு

முதலாம் வில்லியம் ஏறத்தாழ 1079இல் வேட்டைக்கெனத் தனக்கு ஒதுக்கிக்கொண்ட நிலம் நியூ ஃபாரஸ்ட். ஃபாரஸ்ட் என்னும் சொல் அக்காலத்தில் மரச்செறிவைக் குறிக்கவில்லை. அரசனின் மானுக்கென்று தனிச்சட்டம் செல்லும் எல்லையையே அது குறித்தது. ஆகவே ஹீத்தும் சதுப்பும் அதனுள் அடங்கின. அங்கு வாழ்ந்தோருக்கு மேய்ச்சல் உரிமை இருந்தது. ஆனால் அது மானுக்கு அடுத்த நிலையிலேயே வைக்கப்பட்டது. மான் ஈனும் காலமாகிய ஜூன் 20 முதல் ஜூலை 20 வரையிலும், தீவனம் அருகும் நவம்பர் 22 முதல் மே 4 வரையிலும் மாடுகளை வெளியேற்ற வேண்டும் என்பது விதி.

இவ்வமைப்பில் மேய்ச்சலைக் கவனித்தவர் அஜிஸ்டர். தங்குமிடம் என்னும் பொருள்கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பதவிப்பெயர் வந்தது. கால்நடையைத் தங்கவிட்டு அதற்குக் கட்டணம் வாங்குவது அவர் பணி. தமிழக வருவாய் வழக்கில் புல்வரி எனப்பட்டதற்கு நெருக்கமானது இக்கட்டணம். மூன்றாம் ஹென்றியின் பெயரால் 1217 நவம்பர் 6 அன்று வெளியான கானகச் சாசனம் அஜிஸ்டரைப் பற்றித் தெளிவான சான்றொன்றைத் தருகிறது. ஆண்டுக்கு மூன்று முறை கானக மன்றம் கூட வேண்டும் என்று அதன் எட்டாம் பிரிவு வகுக்கிறது. செப்டம்பர் இறுதியில் வரும் புனித மிக்கேல் திருநாளுக்குப் பதினைந்து நாள் முன்பாக, அரசனின் காடுகளில் கால்நடை விடுவதை ஒழுங்கு செய்ய ஒரு கூட்டம்; நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளையொட்டி, ஓக் கொட்டை தின்ன விடப்பட்ட பன்றிகளுக்கான கட்டணத்தைப் பெற ஒரு கூட்டம்; ஜூனில் புனித யோவான் திருநாளுக்கு முன்பாக, மான் ஈனும் காலத்தையொட்டி ஒரு கூட்டம். முதல் இரண்டிலும் காவலரும் வெர்டரர் என்னும் கானக நடுவரும் அஜிஸ்டரும் கூட வேண்டும். மூன்றாவதற்கு அஜிஸ்டர் அழைக்கப்படவில்லை.

இவ்விடுபாட்டைத் தற்செயலானதாகக் கொள்வதற்கில்லை. கட்டணம் வாங்கும் இரு கூட்டங்களில் இடம்பெற்ற அலுவலர், உயிர்கள் ஈனும் பருவத்தையொட்டிய கூட்டத்திற்குத் தேவைப்படவில்லை. மாட்டை அவர் பார்த்தார் என்பதில் ஐயமில்லை. எத்தனை தலை, யாருடையவை, கட்டணம் செலுத்தப்பட்டதா என்பதே அப்பார்வையின் உள்ளடக்கம். அம்மாடு நொண்டுகிறதா என்பது சாசனம் எழுதியோருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அக்கவலை மாட்டுக்காரனுடையது, அவனோ எழுதிவைக்கும் நிலையில் இல்லாதவன். இன்று அஜிஸ்டரை மாட்டின் பழங்காலக் காவலராகச் சித்திரிக்கும் பொதுநூல்கள் இவ்வேறுபாட்டைக் கடந்து சென்றுவிடுகின்றன.

1877ஆம் ஆண்டுச் சட்டம்

நிலைமை மாறத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். 1851ஆம் ஆண்டுச் சட்டம் மான்களை அகற்ற ஆணையிட்டது. அதற்கு ஈடாக, மரம் வளர்ப்பதற்குப் பத்தாயிரம் ஏக்கரை அடைத்துக்கொள்ளும் உரிமையை அரசு பெற்றது. பொதுவுரிமையாளர்கள் இதனைத் தம் மேய்ச்சலை ஒழிக்கும் முயற்சியாகவே கண்டு எதிர்த்தனர். நீண்ட பூசலின் முடிவில் வந்த 1877ஆம் ஆண்டுச் சட்டம் வெர்டரர் மன்றத்தை மாற்றியமைத்து, அதனைப் பொதுவுரிமையாளர்களின் நலன் காக்கும் அமைப்பாக்கியது. மானைக் காக்கத் தோன்றிய மன்றம், மானோடு போட்டியிட்ட மாட்டின் பக்கம் வந்து நின்றது. அஜிஸ்டரும் அம்மன்றத்தின் ஊழியரானார்.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அத்துமீறும் மாட்டைப் பவுண்டில் அடைத்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ஒதுக்குக் காடுகளில் மேய்ச்சலை அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. தாய்நாட்டில் மேய்ப்போருக்கு மன்றம் அளித்த ஆட்சி, இங்கு அவர்களுக்குக் கட்டணச் சீட்டையும் கொண்டித்தொழுவையும் அளித்தது. இவ்வொப்பீடு தனி ஆய்வுக்குரியது.

1949ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தின் அதிகாரங்களை விரிவுபடுத்தியது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி எல்லையில் வேலியும், சாலைகளில் கால்நடை கடக்க இயலாத கம்பித்தடுப்புகளும் வந்தன. மெலிந்த மாட்டை நிலத்திலிருந்து அகற்றும்படி உரிமையாளருக்கு ஆணையிடுதல், சாலையில் அடிபட்ட விலங்கிடம் எந்நேரமும் விரைதல் ஆகியவை அஜிஸ்டரின் பணியில் சேர்ந்தன. கட்டணம் வாங்கும் பழைய பணியும் நீங்கவில்லை. கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமாக மட்டக்குதிரையின் வால்மயிரைக் கத்தரிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. ஒரே அலுவலரிடம் இரு பார்வைகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன.

மாட்டுக்காரர் கண்டது

அலுவலரின் பார்வை இவ்வாறிருக்க, உரிமையாளரின் பார்வை வேறுவகை அறிவை வளர்த்துக்கொண்டது. இவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை. நோய்ப்பெயர்களிலும் வட்டாரச் சொற்களிலும் தங்கியுள்ளது. ஈக்களால் பரவி, கண்ணில் நீர் வடியச் செய்து, கருவிழியை வெளிறச் செய்து, முற்றினால் பார்வையையே பறிக்கும் மாட்டுக் கண்ணழற்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே நியூ ஃபாரஸ்ட் கண் என்பதாகும். தொடக்கத்திலேயே கண்டால் எளிதில் தீர்க்கலாம். தொலைவிலிருந்து தலையை எண்ணுபவர் அதைக் காண இயலாது. உண்ணியால் பரவும் பபேசியா நோய்க்கு வழங்கும் பெயர் செந்நீர் எனப் பொருள்படும். மாட்டின் சிறுநீர் சிவப்பதைக் கண்டவர் இட்ட பெயர் அது. அவ்விடத்திலேயே கன்றாக வளர்ந்த மாடு இந்நோயைத் தாங்கும். வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாடு விழுந்துவிடும். ஆகையால் எந்த மாடு எங்குப் பிறந்தது என்னும் செய்தியும் பார்வையின் ஒரு பகுதியாகிறது.

இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டையை மிகுதியாகத் தின்றால் மாட்டின் சிறுநீரகம் கெடும். அப்பருவத்தில் பன்றிகளை விட்டு அவற்றைப் பொறுக்கவைப்பது மாட்டுக்கும் காப்பாகிறது. 1217இல் வருவாயாக எண்ணப்பட்ட அதே வழக்கம், இன்று விலங்குநல ஏற்பாடாக விளக்கப்படுவது கவனிக்கத்தக்கது.

மந்தை ஒவ்வொன்றுக்கும் பழகிய மேய்விடம் உண்டு. அதனை ஹாண்ட் என்பர். வெயிலுக்கும் ஈக்கும் ஒதுங்கி நிற்கும் இடம் ஷேட். நிழல் எனப் பெயர்பெற்றாலும் அது மரநிழலாக இருக்கவேண்டுவதில்லை; காற்றடிக்கும் வெட்டவெளியோ நீரோடையோ ஆகலாம். கோடை நண்பகலில் ஷேட் எதுவென அறிந்தவர் பல ஏக்கர் தேடவேண்டியதில்லை. மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது, அசைபோடாமல் இருப்பது, மற்றவை எழுந்தபின்னும் படுத்துக்கிடப்பது ஆகியன அவர் நோக்கும் குறிகள். சதுப்பில் சிக்கிய மாடு கண்ணில் படாமலே போகலாம். எண்ணிக்கை குறைவதே அதன் முதற்குறி. எண்ணுதல் இங்கு வேறு பொருள் பெறுகிறது.

நாளொன்றுக்கு ஒருமுறை என்னும் வாசகம்

நாள்தோறும் என்னும் வரையறை சட்டத்தில் நுழைந்த வழி ஹீத்தினூடாக அமையவில்லை. 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ என்னும் நூல், கோழியும் கன்றும் கூண்டிலும் கொட்டிலிலும் வளர்க்கப்படும் முறையைப் பொதுமக்கள் முன் வைத்தது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட பிராம்பெல் குழு 1965இல் அறிக்கை அளித்தது. 1968இல் சட்டம் வந்தது. ஐரோப்பிய அவை 1976இல் உருவாக்கிய பண்ணைவிலங்கு உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, விலங்கின் உடல்நிலையைத் தேவையற்ற துன்பம் நேராதவாறு போதிய இடைவெளியில் பார்க்க வேண்டும் என்றது. நாளொன்றுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்னும் கட்டாயத்தைத் தற்காலச் செறிவுப் பண்ணைகளுக்கு மட்டுமே அது விதித்தது. பொறி நின்றால் நீரும் காற்றும் நின்றுவிடும் கொட்டிலுக்காக எழுதப்பட்ட வாசகம் அது.

1998ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை இவ்வாசகத்தை மாற்றியது. செறிவுப் பண்ணை என்னும் சொல் நீங்கி, எந்த வளர்ப்பு முறையில் விலங்கின் நலம் மனிதரின் அடிக்கடியான கவனிப்பைச் சார்ந்துள்ளதோ அம்முறை என்னும் வரையறை வந்தது. இங்கிலாந்தின் 2007ஆம் ஆண்டு விதிகள் இதனையே பின்பற்றின. பிற முறைகளுக்குத் துன்பம் நேராத அளவுக்குப் போதிய இடைவெளி என்பதே அளவுகோல். மாற்றம் சிறியதுபோல் தோன்றினும் இதன் விளைவு பெரிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1976இல் கேள்வி கட்டடத்தைப் பற்றியது. 1998க்குப் பின் அது சார்புநிலையைப் பற்றியது. ஹீத்தில் மேயும் மாடு எவ்வளவு தூரம் மனிதரைச் சார்ந்துள்ளது என்று கேட்கும் வாயில் அப்போதுதான் திறந்தது.

வேலிக்குள் வந்த ஹீத்

நியூ ஃபாரஸ்ட் நீங்கலாகப் பல ஹீத்களில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மேய்ச்சல் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் நூற்றாண்டின் இறுதியில் மாடுகளை மீண்டும் கொண்டுவந்தபோது, உரிமையாளர் அருகில் இல்லை. பழகிய மேய்விடமும் இல்லை. மாடும் வெளியூரிலிருந்து வந்தது. வேலி போட்டு, தொட்டியில் நீர் வைத்தனர். இத்தகைய மாட்டைச் சட்டம் கூறும் சார்புநிலையிலிருந்து விலக்கிவைப்பது கடினம். வேலியால் அடைபட்ட மாடு வேறு ஓடைக்குச் செல்ல இயலாது. தொட்டி வறண்டால் அதனை நிரப்ப ஒருவர் வந்தாக வேண்டும். நாள்தோறும் பார்ப்பது அங்கு நடைமுறையாக வேரூன்றியதற்கு இதுவே காரணம் எனலாம்.

இவ்வேலையைப் பெரும்பாலும் செய்வோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர். அவர்களை லுக்கர் என்று அழைப்பர். இப்பெயர் ஹீத்துக்கு உரியதன்று. கென்ட் மாவட்டத்து ராம்னி சதுப்பிலிருந்து வந்தது. மலேரியாவுக்கு அஞ்சி மேட்டுநிலத்தில் வாழ்ந்த ஆட்டு உரிமையாளர்கள், தம் மந்தையைப் பார்க்கக் கூலிக்கு அமர்த்திய ஆள் அங்கு லுக்கர் எனப்பட்டார். ஏக்கர் கணக்கில் அவருக்குக் கூலி உண்டு. சதுப்பில் நின்ற சிறு செங்கல் குடிசைகள் சில இன்றும் எஞ்சியுள்ளன. உடையவர் தொலைவில் இருக்கப் பிறர் பார்ப்பது என்னும் ஒற்றுமையே பெயர் பெயர்ந்ததற்குப் போதுமானதாயிற்று. பெயர் வந்தது, கூலி வரவில்லை.

2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டப்படி உடையவர் எப்போதும் பொறுப்பாளரே. பார்ப்பவர் மாறினும் அப்பொறுப்பு கைமாறுவதில்லை. ஆகவே லுக்கர் தாம் கண்டதை எழுதி அனுப்புகிறார்: எண்ணிக்கை, நொண்டல், கண், சாணம், நீர்த்தொட்டி, வேலி. மாட்டுக்காரர் எழுதாமல் அறிந்திருந்தவை முதன்முறையாக நாள்தோறும் எழுத்தில் பதிவாவது இப்பட்டியல்களில்தான். பண்ணை வரலாற்று ஆய்வாளர்கள் இவற்றை இன்னும் ஆவணமாகக் கொள்ளத் தொடங்கவில்லை. அமைப்புகள் இவற்றைக் கழித்துவிடுவதற்கு முன் தொகுத்து வைப்பது இன்றியமையாதது.

அண்மையில் இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டைகள் சில ஹீத்களில் மாடுகளுக்கு அணிவிக்கப்படுகின்றன. எல்லையை அணுகும்போது பட்டை ஒலியெழுப்பும். மீறினால் மெல்லிய மின்னதிர்ச்சி தரும். வேலி மறைகிறது, திரையில் ஒவ்வொரு மாடும் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. எத்தனை தலை, யாருடையவை, எல்லைக்குள் உள்ளனவா என்னும் வினாக்களுக்கு அப்புள்ளி உடனே விடை தருகிறது. 1217இல் அஜிஸ்டரிடம் கேட்கப்பட்டவையும் ஏறத்தாழ இவையே. கண்ணில் நீர் வடிகிறதா என்று அறிய ஒருவர் இன்னும் கோர்ஸ் புதர்களினூடே நடந்துதான் செல்ல வேண்டியுள்ளது.