கீழாநெல்லியும் கல்லீரலும் - ஒரு சின்ன வரலாறு

மழை பெய்து நான்கு நாள் ஆனால் போதும், ரெட்டியார்பாளையத்தில் காலி மனைகளிலும் சுவரோரத்திலும் கீழாநெல்லி முளைத்துவிடும். இலைக்கு அடியில் வரிசையாகக் காய்கள் தொங்குவதால் அந்தப் பெயர். மஞ்சள் காமாலை என்றால் இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் ஊர்ப்பக்கம் பழைய வழக்கம்.

இதை ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிப்பது? அதற்குக் கைகொடுத்தது கார்பன் டெட்ராகுளோரைடு. ஒரு காலத்தில் துணி வெளுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட திரவம். உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை உடைக்கப் பார்க்கும். அப்போது உண்டாகும் துணுக்குகள் கல்லீரல் செல்களின் சவ்வையே அரித்துவிடும். (காப்பாற்றப் போய் தானே மாட்டிக்கொள்கிறது, பாவம்!) எலிக்கு இதைக் கொடுத்து, கூடவே மூலிகைச் சாறும் கொடுத்து, ரத்தத்தில் கசியும் நொதிகள் குறைகின்றனவா என்று பார்ப்பார்கள். 1985-ல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் கல்லீரல் செல்களில் சோதித்து, கீழாநெல்லியில் உள்ள ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு பொருட்கள் இந்த விஷத்திலிருந்து செல்களைக் காப்பதாக எழுதினார்கள்.

ஆனால் மனிதர்களுக்கு வரும் காமாலை பெரும்பாலும் வைரஸால் வருவது. கதை சூடு பிடிப்பது இங்கேதான். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பரூச் புளும்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும் சேர்ந்து செய்த ஆய்வு 1988-ல் லான்செட் இதழில் வந்தது. 200 மில்லிகிராம் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் இதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டது. நம் வேலியோரச் செடிக்கு!

ஆனால் 1990-ல் தாய்லாந்தில் செய்த சோதனையில் பலன் கிடைக்கவில்லை. 1994-ல் நியூசிலாந்திலும் அதே கதை. சென்னை ஆய்வில் பாதியில் நின்றவர்கள் பலர் என்ற விமர்சனமும் எழுந்தது. பல சோதனைகளை ஒன்றாக எடைபோட்ட 2011-ம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது.

அப்படியானால் பாட்டி வைத்தியத்தில் குணமானவர்கள்? ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். செடிக்குப் பெயர் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பி வகை அப்படி இல்லை. நாள்பட்டு உள்ளேயே தங்கினால் சத்தமில்லாமல் ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த வகை என்று தெரியாது. கண் மஞ்சள் தெளிந்துவிட்டதே என்று பரிசோதனையை விட்டுவிடுவதில்தான் ஆபத்து. இதில் வேடிக்கை, பி வகைக்குத் தடுப்பூசி செய்யும் வழியை 1969-லேயே கண்டவர்களில் ஒருவரும் அதே புளும்பெர்க்தான். அந்த ஊசி இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் சேர 2011 வரை ஆனது.