நிறத்தை நம்பாதீங்க: பொத்தான் நத்தையை அடையாளம் காண்பது எப்படி?

சாங்கி கடற்கரையில் கடல் வற்றும் நேரத்தில் மணலில் குட்டிக் குட்டி ஓடுகள் கிடப்பதைப் பார்த்திருக்கீங்களா? ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல், இன்னொன்றில் வரிவரியாகக் கோடுகள். எல்லாம் வேறு வேறு நத்தை என்று தோன்றும். ஆனால் அத்தனையும் ஒரே இனமாக இருக்கலாம். பெயர் 'அம்போனியம் வெஸ்டியாரியம்'. வாயில் நுழையலையா? பொத்தான் நத்தைன்னே சொல்லலாம்.

நிறம் உதவாது, வடிவத்தைப் பாருங்க. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், தட்டையான வட்டம், மெருகேற்றியது போன்ற பளபளப்பு. அப்புறம் ஓட்டைத் திருப்புங்க. பல நத்தைகளுக்கு அடிப்பக்க நடுவில் குழி இருக்கும். இதற்கு அந்த இடத்தை வழவழப்பான தடிப்பு ஒன்று மூடியிருக்கும். அதுதான் முக்கிய அடையாளம்.

நிலா நத்தையின் குஞ்சும் பளபளக்கும். ஆனால் அது உருண்டை, வாய் அரைவட்டம். பொத்தான் நத்தையைத் தின்பதும் அதுதான்! ஓட்டில் டிரில் போட்ட மாதிரி வட்டத் துளை இருந்தால், பெரும்பாலும் அதன் வேலை.

கூம்பு வடிவ ஓடு, நீளமான குறுகிய வாய் என்றால் தொடவே வேண்டாம். அது கூம்பு நத்தையாக இருக்கலாம். சில இனங்களின் விஷம் மனித உயிரையே பறித்திருக்கிறது.

பொத்தான் நத்தையின் வாயை மெல்லிய வட்ட மூடி அடைத்திருந்தால் உள்ளே உயிர் இருக்கு. குட்டிக் கால்கள் எட்டிப் பார்த்தால், குடியிருப்பது துறவி நண்டு. காலி ஓட்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்க. அடுத்த நண்டுக்கு அதுதான் வீடு.