குளச்சலில் புறப்பாட்டு நாள்களின் உணவு

குளச்சல் என்னும் ஊரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு போரின் பெயராகவே பதிவு செய்துள்ளன. 1741ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை இக்கடற்கரையில் தோற்கடித்ததும், சிறைப்பட்ட படைத்தலைவர் டிலனாய் பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்ததும் பலரும் அறிந்த செய்திகள். அப்போரை முடித்துவைத்தது சோற்றுப் பஞ்சமே என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. டச்சுக்காரர்கள் கரையில் எழுப்பிய அரணுக்குள் விழுந்த குண்டு ஒரு வெடிமருந்துப் பீப்பாயைப் பற்றவைக்க, அந்தத் தீயில் அவர்கள் சேமித்து வைத்திருந்த அரிசி முழுவதும் எரிந்துபோக, உண்ண வழியின்றி அவர்கள் சில நாள்களில் சரணடைந்தனர். டிலனாய் தாய்நாடு திரும்பவே இல்லை. 1777இல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அப்போரின் நினைவாக நிற்கும் வெற்றித் தூணுக்கு இணையாக ஆராயத்தக்க மற்றொரு வரலாறு இவ்வூரின் அடுக்களைகளில் உள்ளது. ஊரை விட்டுப் புறப்படுகிறவர், புறப்படுவதற்கு முந்தைய நாள்களில் எதை உண்டார், எதைக் கட்டிக்கொண்டு போனார் என்பதே அது.

குளச்சல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், கல்குளம் வட்டத்தில் அமைந்த ஊர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் அதன் வழிவந்த மாநிலத்திலும் இருந்த இப்பகுதி, அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், விளவங்கோடு ஆகிய வட்டங்களுடன் சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு (இன்றைய தமிழ்நாட்டுக்கு) வந்தது. 1544இன் இறுதியில் பிரான்சிஸ் சேவியரால் திருமுழுக்குப் பெற்ற முக்குவர் என்னும் மீனவர்களின் ஊர்கள் இக்கரையில் உள்ளவை. கத்தோலிக்க மீனவர்களுடன் வாணிகத்தில் ஈடுபட்ட இசுலாமியர்களும், உள்நாட்டுப் பனைத்தொழில் செய்த நாடார்களும் இவ்வூரின் சந்தையில் கலந்தனர். நஞ்சை நிலம் நாஞ்சில் நாட்டுப் பக்கம் இருக்க, கடலும் பனையும் தென்னையும் மட்டுமே இக்கரையோரத்துக்கு வாய்த்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். அதனால் வேலைக்காக வெளியூர் போவது இங்கே விதிவிலக்கான செயலாக ஒருபோதும் இருந்ததில்லை.

புறப்பாட்டு நாள்களின் உணவை ஆராய்கிறவர் கருத்தில் கொள்ள வேண்டிய அடிப்படைப் பிரிவு ஒன்று உண்டு. ஊரின் உணவுகளில் ஒரு பகுதி பயணத்தைத் தாங்கும், மறுபகுதி தாங்காது. தாங்குவதைப் பொதியில் வைப்பார்கள். தாங்காததை ஊரிலேயே, புறப்படும்வரை, வேளைக்கு வேளை சமைத்துப் போடுவார்கள். பயணம் போகிறவருக்கு ஊர் உணவின் மீது அந்நாள்களில் ஏற்படும் தீராத நாட்டத்தை வெறும் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. எது எத்தனை நாள் கெடாது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்த ஒரு கடற்கரையின் கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது.

தாங்கும் உணவுகளில் முதலிடம் கருவாட்டுக்கு. உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கிறது, வெயில் அதை உலர்த்துகிறது, நீரில்லாத சதையில் கிருமி வளர்வதில்லை. இந்த எளிய அறிவின் பேரில்தான் திருவிதாங்கூர்க் கரையின் மீன் கொழும்புக்கும், உலர்ந்த இறால் இரங்கூனுக்கும் வாணிகப் பொருள்களாகச் சென்றன. அடுத்தது கருப்பட்டி. பனையிலிருந்து இறக்கும் பதநீரை இப்பகுதியில் அக்கானி என்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினாலும், அது அன்றைய பொழுதுக்குள் குடிக்க வேண்டிய பானம். அதையே அகன்ற பாத்திரத்தில் காய்ச்சி இறுக்கிச் சிரட்டையில் ஊற்றிவிட்டால் மாதக்கணக்கில் கெடாத கருப்பட்டி ஆகிவிடும். ஒரே மரத்தின் சாறு ஊரில் அக்கானியாகவும் பொதியில் கருப்பட்டியாகவும் இருப்பது மேற்சொன்ன பிரிவுக்கு மிகத் தெளிவான சான்று. முந்திரிக்கொத்தும் இந்த வரிசையைச் சேர்ந்தது. வறுத்துத் திரித்த சிறுபயற்று மாவை வறுத்த தேங்காயுடன் சேர்த்துப் பாகில் பிசைந்து உருட்டி, அந்த உருண்டைகளை இரண்டு மூன்றாக ஒட்டி அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். ஈரப்பசை இல்லாத உட்பகுதியும் அதை மூடிய மொறுமொறுப்பான தோலும் சேர்ந்து பல நாள்களுக்கு அதைக் காக்கின்றன.

இந்தப் பொதிகள் பெருவாரியாகக் கடல் கடந்தது 19ஆம் நூற்றாண்டில். இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் திறந்த காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகள், அதாவது ஆள் சேர்த்துக் கூட்டிச்சென்று அவர்களை மேய்க்கும் தரகர்கள், தமிழ் நாட்டின் பல பகுதிகளிலிருந்து கூலிகளை அழைத்துச் சென்றனர். தென் திருவிதாங்கூரும் அதற்கு ஆள் கொடுத்தது. 1855இல் திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அறிவிப்பும், 1860ஐ ஒட்டி வந்த பஞ்சமும், மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தின் கசப்பும் உழைக்கும் மக்களை ஊரை விட்டு வெளியே பார்க்கவைத்தன. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் காப்பியை அழித்து, அதனிடத்தில் தேயிலை வந்தபோதும் தோட்டத்துக்குப் போவது நிற்கவில்லை. பஞ்சத்துக்குத் தப்பிப் போனவர்கள் வீட்டில் விருந்து இருந்திருக்க முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புறப்பாட்டு உணவைப் பற்றி இன்று எழுதப்படும் ஏக்கம் மிகுந்த சித்திரங்கள் ஓரளவு கையில் காசு புழங்கிய பிற்காலத்துக்கே பொருந்தும். அவற்றை அந்தப் பழைய பயணங்களின் மேல் ஏற்றிச் சொல்வது, கஞ்சிக்கு வழியின்றிப் போனவர்களுக்குச் செய்யும் அநீதி. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அந்தப் பாதையை அடைத்தன. போனவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் எதிர்த்திசையில் வர நேர்ந்தது.

தாங்காத உணவுகளின் பக்கம் திரும்பினால், முதலில் எண்ண வேண்டியது மரச்சீனிக் கிழங்கு. தென்னமெரிக்காவில் தோன்றிப் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஏழைகளின் பசிக்கு மருந்தாகக் கருதிப் பரப்பினார். கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு என்று மக்கள் அஞ்சியபோது, அதை அரண்மனையிலேயே சமைக்கச் செய்து மன்னர் உண்டு காட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அச்சம் ஆதாரமற்றதும் அல்ல: கிழங்கில் சயனைடை வெளியிடும் பொருள் உள்ளது, தோலுரித்து நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிடும் இன்றைய வழக்கம் அந்த நஞ்சைப் பெரும்பாலும் நீக்குகிறது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இரங்கூன் அரிசி நின்றுபோக, அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த திருவிதாங்கூர் முழுவதும் இக்கிழங்கையே சோறாக உண்டது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீரால் நாஞ்சில் வயல்கள் விளைந்தபோதும் கடற்கரைக்குக் கிழங்கே கைகொடுத்தது. பஞ்ச காலத்துக்காக வந்த உணவு இரண்டு தலைமுறைக்குள் நாவுக்கு இன்றியமையாததாக மாறியது. வெந்த கிழங்கைத் தேங்காய், சீரகம், பூண்டு, மிளகாய் சேர்த்து மசித்து, சாளைமீன் குழம்பு ஊற்றி உண்பது இன்று இம்மாவட்டத்தின் அடையாளமாகவே கருதப்படுகிறது. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாள்களில் உள்ளே நீலக்கறுப்புக் கோடுகள் ஓடிக் கெட்டுவிடும் என்பதால், கப்பலோ விமானமோ எதுவானாலும் அதைப் பொதியில் ஏற்ற நெடுங்காலம் வழி இருந்ததில்லை.

கிழங்குக்குத் துணையான சாளையும் அப்படியே. எண்ணெய்ச்சத்து மிகுந்த இச்சிறு மீன் பிடித்த சில மணி நேரத்தில் மணம் மாறத் தொடங்கும். கரமடி, அதாவது கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும் பெருவலை, கரையேறியதும் சட்டிக்குப் போகும் சாளைக்கும் பனிக்கட்டியில் கிடந்த சாளைக்கும் உள்ள வேறுபாட்டைக் குளச்சல்காரர் முதல் கவளத்திலேயே கண்டுவிடுவர். நெத்திலி அவியல் இதைவிடவும் மென்மையானது. தலை கிள்ளிக் கழுவிய பச்சை நெத்திலியை மாங்காய்த் துண்டுகளோடும் முருங்கைக்காயோடும் மண்சட்டியில் இட்டு, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்து, கரண்டி போடாமல் சட்டியையே பிடித்துச் சுற்றி அசைத்து வேகவிடுவார்கள். கரண்டி பட்டால் மீன் கரைந்துவிடும். இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் விழும். அரைமணி நேரத்துக்குள் உண்ண வேண்டிய பண்டம் அது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழமும் இந்தப் பட்டியலில் சேரும். பச்சைக்குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டும் அளவுக்கு மென்மையான அந்தச் சிறு பழம், பழுத்தபின் நெடுந்தொலைவுப் பயணத்துக்கு ஒத்துவராது.

1973இன் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் வளைகுடா நாடுகள் திறந்துகொண்டபோது குளச்சலின் புறப்பாடு புதிய வடிவம் பெற்றது. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்களோடு, சவூதி அரேபியா, பஹ்ரைன், கத்தார், ஈரான் ஆகிய நாடுகளின் படகுகளில் மீன்பிடிக்கவே போனவர்களும் இக்கரையில் மிகுதி. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது; பிடிபடும் மீனில் பங்கே ஊதியம். கபாலா எனப்படும் பொறுப்பாளர் முறை, தொழிலாளியின் தங்கும் உரிமையை வேலை கொடுத்தவரோடு கட்டிப்போட்டதால், போனவர் நினைத்தபோது திரும்ப இயலவில்லை. விசாவுக்காக வட்டிக்கு வாங்கிய கடனும் அடகு வைத்த நகையும் பின்னால் நிற்க, அடுத்த சாளைக்குழம்பு எத்தனை ஆண்டு கழித்தோ என்ற நிலையில், புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் வீட்டுக்கு வீடு அழைத்துச் சோறு போடும் காலமாயின. சித்தி வீட்டில் கிழங்கும் மீனும், மைனி வீட்டில் சுறாப்புட்டு, இசுலாமியர் வீடுகளில் ஒறட்டி என்னும் தடித்த அரிசி ரொட்டியும் இறைச்சிக் கறியும் என்று அந்த நாள்கள் நிறையும். உண்கிறவரின் பசியைவிடப் பரிமாறுகிறவரின் கவலையே இவ்விருந்துகளின் அளவைத் தீர்மானித்தது என்று கொள்வதே பொருத்தம்.

அதே வாரங்களில் பொதியும் தயாராகும். நெய்மீன் அல்லது சூரையைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, ஈரம் முழுவதும் போகும்வரை பொரித்தெடுத்து, நல்லெண்ணெயில் தாளித்த இஞ்சி, பூண்டு, கடுகு, வினிகர் கலவையில் ஊறவைப்பது மீன் ஊறுகாய். துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் எண்ணெய் நிற்க வேண்டும், ஈரக் கரண்டி படக்கூடாது என்பவை அதன் விதிகள். உலர்ந்த இறாலைத் தேங்காயோடு வறுத்துப் பொடித்த சம்மந்தி, குழம்புக்கு வறுத்துத் திரித்த மசாலைப் பொடி, ஏத்தங்காய் உப்பேரி என்னும் வாழைக்காய் வறுவல் ஆகியவை உடன் செல்லும். திருவனந்தபுரம் விமான நிலையம் இக்கரையின் வாசலான பின், உப்புக்கும் வெயிலுக்கும் இருந்த அதிகாரம் எடைத் தராசுக்கும் சுங்க விதிக்கும் வந்தது. கசகசாவைப் போதைப்பொருளாகக் கருதும் வளைகுடாச் சட்டங்களை அறியாமல் மசாலையில் கலந்து அனுப்பினால் சிறை வரை போகும் என்பதும், எண்ணெய்ப்பசை மிகுந்து எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் கொப்பரைத் தேங்காய் விமானப் பயணப் பொதியில் தடுக்கப்பட்டது என்பதும் இன்று குளச்சல் தாய்மாரின் சமையலறிவில் ஒரு பகுதி.

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது இந்தப் புறப்பாடுகளின் மறுபக்கம் வெளிப்பட்டது. ஈரான் துறைமுகங்களில் படகுகளிலேயே முடங்கிக் கிடந்த தமிழக மீனவர்களில் பெரும்பகுதியினர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். அவர்களில் பலரை ஏற்றிக்கொண்ட இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஸ்வா கப்பல், பந்தர் அப்பாசிலிருந்து புறப்பட்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. நாள்தோறும் மீன் பிடித்தவர்களே அரிசிக்கும் குடிநீருக்கும் மன்றாட நேர்ந்த அந்த மாதங்கள், பொதியில் கொண்டுபோன உணவு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதைக் காட்டின. அவர்கள் வந்து சேர்ந்த காலமும் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நிலவும் காலமே. கட்டுமரமும் வள்ளமும் கொண்டுவந்த மீனே அவ்வேளையில் ஊருக்கு ஆதாரம்.

கொண்டுசெல்லத் தக்கது, தகாதது என்ற பழைய எல்லைக்கோடும் இப்போது இடம் பெயர்ந்து வருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை கிழங்கின் ஆயுளை நீட்டும் வழிகளை ஆராய்ந்துள்ளன. உறையவைத்த மரச்சீனித் துண்டுகள் துபாயிலும் தோஹாவிலும் உள்ள மலையாளிக் கடைகளில் கிடைக்கின்றன. ஈரானிய அல்லது அரேபியக் கடலில் தாமே பிடித்த நெய்மீனை, ஊரிலிருந்து வந்த மசாலையில் சமைத்து, உறைந்த கிழங்கோடு உண்ண இன்று ஒருவரால் முடியும். மறுதலையாக, ஊரில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருந்த சாளையே அரிதாகிவிட்ட ஆண்டுகள் வந்துவிட்டன. 2012இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்த இம்மீன், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் வெறும் 3,297 டன்னாகச் சுருங்கியது. கூட்டங்கூட்டமாக இடம் மாறும் சாளைக்கு மாநில எல்லை கிடையாது என்பதால் குமரிக் கரையும் அதே தட்டுப்பாட்டை உணர்ந்தது. கடல்வெப்பமும் பருவக்காற்றின் போக்கும் குஞ்சுமீன் பிடிப்பும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஏழையின் மீன் என்று சொல்லி மலிவாக வாங்கப்பட்ட சாளையை, அத்தகைய ஆண்டுகளில் புறப்படுகிறவரின் வீட்டார் ஏலத்தில் நெய்மீன் வாங்குகிறவரைப் போல விலை கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.