தொண்டர்களை நடத்துபவருக்கும் பயிற்சி வேண்டும்

தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தத் தொண்டர்களைப் பொறுப்பெடுத்து நடத்துபவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கும் ஒருவரும் கொடுக்கவில்லை. அதன் விலையை நான் கொடுக்கவில்லை, வேறொரு பிள்ளை கொடுத்தாள்.

மீள்குடியேற்ற காலத்தில் வன்னியில் ஓர் அமைப்புக்காக வேலை செய்தேன். எழுதத் தெரியும், மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியும் என்பதற்காக 17 தொண்டர்களுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். வீடு வீடாகச் சென்று குடும்ப விபரப் படிவம் நிரப்புவது அவர்களுடைய வேலை. வீட்டில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்பதும் அதில் ஒரு கேள்வி. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை வேலைக்கு வரவில்லை. தேடிப் போனேன். அவள் இரவில் நித்திரை கொள்வதில்லை என்று தாய் சொன்னார். பிறகு அவளே வாய் திறந்தாள்: "அக்கா, அந்தக் கேள்வியை மட்டும் என்னால கேக்க ஏலாது. அதைக் கேக்கிற நேரமெல்லாம் அண்ணாதான் கண்ணுக்கு முன்னால வாறார்."

அவளுடைய அண்ணனும் காணாமல் ஆக்கப்பட்டவர். எனக்கு அது தெரியாது. வேலையைக் கொடுக்கும் முன் அவளுடன் பத்து நிமிடம் இருந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் மண்ணில் உதவி செய்யப் போகிறவரும் உதவி பெறுகிறவரும் ஒரே இழப்பைச் சுமப்பவர்கள். பொறுப்பாளருக்குப் பயிற்சி கட்டாயம் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் இதுதான்.

இது ஒரு தனித் துறை

தொண்டர் முகாமைத்துவம் உலகில் நெடுங்காலமாகவே ஒரு தனித் தொழிலாகக் கற்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஹரியட் நெய்லர் 1967 இலும் மார்லீன் வில்சன் 1976 இலும் எழுதிய நூல்கள் இத்துறையின் தொடக்கப் பாடநூல்களாகக் கொள்ளப்படுகின்றன. பிரித்தானியாவில் 2007 இல் தொண்டர் முகாமையாளர்களுக்கென்றே ஒரு சங்கம் உருவானது. அவுஸ்திரேலியாவில் தொண்டர்களை ஈடுபடுத்தும் அமைப்புகளுக்கான தேசிய நியமங்கள் 2015 இல் வெளிவந்தன. முன்னனுபவம் உள்ளவர்கள் பரீட்சை எழுதிப் பெறக்கூடிய, நாடு கடந்து மதிக்கப்படும் தொழிற்சான்றிதழும் உண்டு.

டிசம்பர் 5 ஐச் சர்வதேச தொண்டர் தினமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 இல் அறிவித்தது. எங்கள் பாடசாலைகளும் சங்கங்களும் அந்த நாளை அறியும். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன், நவம்பர் 5, தொண்டர் முகாமையாளர்களுக்கான சர்வதேச தினம். 1999 முதல் கொண்டாடப்படும் இந்த நாளை இங்கு அறிந்தவர்கள் மிகக் குறைவு.

எங்களிடம் தொண்டு இல்லை என்பதல்ல இதன் பொருள். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், ஆலயத் தொண்டர் சபை என்று எத்தனையோ இருக்கின்றன. 2004 ஆழிப்பேரலையின் போதும் 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடிய போதும் முதலில் ஓடி வந்தவர்கள் அயலவர்களே. ஆள் இல்லாமல் நாங்கள் தவித்ததில்லை. வந்தவர்களை ஒழுங்குபடுத்தவும், பாதுகாக்கவும், அடுத்த முறையும் வரச் செய்யவும் தெரிந்தவர்கள்தான் போதாமல் இருந்தார்கள்.

பொறுப்பாளர் கற்க வேண்டியவை

1. வேலையை எழுதுவது. "வந்து உதவுங்கோ" என்பது போதாது. என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம், யாரிடம் கேட்பது, எதைச் செய்யக்கூடாது என்பவை ஒரு தாளில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை.

2. ஆளை அறிந்து வேலை கொடுப்பது. "உங்களுக்கு எந்த வேலை கஷ்டமாக இருக்கும்?" என்று கேளுங்கள். இழப்பை விபரமாகச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். இந்த வேலை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், காரணம் சொல்லாமலே வேறு வேலை கேட்கும் உரிமையும் தொண்டருக்கு உண்டு. அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

3. பொய்யான நம்பிக்கை கொடுக்காதிருப்பது. வடக்கு கிழக்கில் தொண்டர் ஆசிரியர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். யுத்த காலத்தில் ஆசிரியர் இல்லாத வகுப்பறைகளைத் தாங்கியவர்கள், நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்கில் வீதியில் இருக்க வேண்டியிருந்தது. சுகாதாரத் தொண்டர்களும் அப்படியே. "இருந்தால் பிறகு பார்ப்பம்" என்ற ஒரு வசனத்தை நம்பி ஒரு மனிதர் பத்து வருடம் காத்திருப்பார். நியமனம் இல்லையென்றால் இல்லை என்றும், கொடுப்பனவு எவ்வளவு, எந்த மாதம் வரை என்றும் எழுத்தில் கொடுங்கள். பஸ் காசும் சாப்பாடும் தொண்டரின் சட்டைப்பையிலிருந்து போகக்கூடாது.

4. மனப் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனமும் பங்காளி அமைப்புகளும் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி தமிழிலும் கிடைக்கிறது. பார்த்தல், கேட்டல், இணைத்தல் ஆகிய மூன்றே அதன் சாரம். உதவுபவர் தன்னைப் பார்த்துக்கொள்வது பற்றியும் அதில் ஒரு பகுதி இருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள், போரின் பாதிப்பைக் கிராம மட்டத்தில் இனங்கண்டு உதவக்கூடியவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து நெடுங்காலம் வலியுறுத்தி வந்தவர்கள். பொறுப்பாளர் உளவளத்துணையாளராக மாறத் தேவையில்லை. யாரை, எப்போது, எங்கே அனுப்புவது என்று அறிந்திருந்தால் போதும். உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு எந்த நாளில் போகலாம் என்பதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

5. பயனாளியின் பாதுகாப்பு. சிறுவருடனோ தனித்து வாழும் பெண்களுடனோ வேலை செய்யத் தொண்டர் தனியே போகக்கூடாது. நிவாரணப் பட்டியலில் உள்ள பெயரும் தொலைபேசி இலக்கமும் வட்ஸ்அப் குழுக்களில் உலாவக்கூடாது. பொதி வாங்கும் தாயின் படத்தை முகநூலில் போட முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் மறுத்தாலும் பொதி அவருக்குரியதே. முறைப்பாடு வந்தால் யார் விசாரிப்பது என்பதும் முதலே தெரிந்திருக்க வேண்டும்.

6. சந்திப்பும் விடைகொடுத்தலும். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரச் சந்திப்பில் மூன்று கேள்விகள் போதும்: எது நன்றாகப் போனது, எது கஷ்டமாக இருந்தது, எங்களிடம் என்ன வேண்டும்? திட்டம் முடியும்போது தொண்டர் சும்மா காணாமல் போகக்கூடாது. செய்த வேலையையும் காலத்தையும் குறிப்பிட்ட கடிதம் ஒன்று கொடுங்கள். வேலை தேடும் இளைஞருக்குப் பொன்னாடையை விட அது உதவும்.

காசில்லாமல் தொடங்குவது எப்படி?

கொழும்பில் விடுதியில் நடக்கும் ஆங்கிலச் செயலமர்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நாங்கள் பிறகு செய்த முறையைச் சொல்கிறேன். அயலில் உள்ள ஐந்தாறு அமைப்புகளின் பொறுப்பாளர்கள் மாதம் ஒரு முறை, இரண்டு மணி நேரம் ஒன்றுகூடினோம். ஒரு மாதம் முன்பள்ளி மண்டபம், அடுத்த மாதம் பொதுநோக்கு மண்டபம். பிளேன்ரீயும் பிஸ்கற்றும் மட்டுமே செலவு. முதல் மணித்தியாலம் மேலே சொன்ன ஆறு விடயங்களில் ஒன்று. இரண்டாவது மணித்தியாலம், ஒருவர் தன் சிக்கலை ஆள் பெயர் சொல்லாமல் முன்வைக்க, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அறிவுரை கடைசிப் பத்து நிமிடத்தில்தான். ஆறு மாதத்தில் ஒரு சுற்று முடியும்.

அந்த வட்டத்தில் நான் கற்ற பெரிய பாடம், தவறை வெளியே சொல்வது. அந்தப் படிவக் கதையை நான் சொன்ன அன்று, மற்ற நால்வரிடமும் அதே போன்ற கதை இருந்தது. எல்லோரும் தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

உதவி அனுப்பும் புலம்பெயர் உறவுகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். பொதிக்கும் கட்டடத்துக்கும் காசு தருகிறீர்கள். அதில் ஒரு சிறு பங்கைப் பொறுப்பாளரின் பயிற்சிக்கும் தொண்டரின் பயணச் செலவுக்கும் ஒதுக்கினால் மற்றக் காசும் ஒழுங்காகப் போய்ச் சேரும். நீங்கள் வாழும் நாடுகளில் இத்துறையில் வேலை செய்யும் தமிழர்கள் இருந்தால், மாதம் ஒரு மணி நேரம் தமிழில் இணையவழியில் பேசலாம். எங்கள் நிலைமையை முதலில் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்பது மட்டும் வேண்டுகோள்.

அந்தப் பிள்ளையைப் படிவ வேலையிலிருந்து எடுத்து, களஞ்சியக் கணக்குக்கு விட்டோம். திட்டம் முடியும் வரை ஒரு நாளும் தவறாமல் வந்தாள். அவளுக்கு விருப்பம் இருந்தது, வலுவும் இருந்தது. அவளை எங்கே விடுவது என்று தெரியாதிருந்தது எனக்குத்தான்.

அடுத்த மாரி வரும், வெள்ளமும் வரலாம். பிள்ளைகள் ஓடி வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் வந்து நிற்கும்போது என்ன வேலை, யாருடன், எவ்வளவு நேரம் என்று சொல்ல உங்கள் ஊரில் ஒருவர் ஆயத்தமாக இருக்கிறாரா? இல்லையென்றால், மாரிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்த முதல் சந்திப்பைக் கூட்டுங்கள்.